வேலூருக்கு ஒருவர், மொரீசியசுக்கு ஒருவர்: கண்டியின் போட்டித் தலைவர்களுக்கு என்ன ஆனது?

மலையகத்திலிருந்து கண்டிக்கு வருகிற எவரும் போகம்பறையைத் தொடாமல் திரும்ப முடியாது. ரயிலில் வந்து இறங்கினாலும் சரி, ஹட்டன் பஸ்ஸுக்கு மூட்டைமுடிச்சோடு ஓடினாலும் சரி, கால் அந்தப் பக்கம்தான் போகும். சந்தை, மைதானம், கைதிகள் போய்விட்ட பழைய சிறைச்சாலையின் நெடிய மதில். இருநூறு வருடத்துக்கு முன் இங்கே தண்ணீர் நின்றது. போகம்பறை வாவி என்று பெயர்.

1814இல் அந்த வாவியில் ஒரு பெண்ணை மூழ்கடித்துக் கொன்றார்கள். கண்டி இராச்சியத்தின் மகாதிகாரமாக, அதாவது முதல் மந்திரியாக இருந்த எஹலேபொலவின் மனைவி அவர். அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை; கணவர் அரசனுக்குப் பிடிகொடுக்காமல் ஓடிவிட்டார், அவ்வளவுதான். நாலரை வருடம் கழித்து, 1818 நவம்பர் 26ஆம் தேதி, அதே போகம்பறையில் அந்தப் பெண்ணின் சகோதரர் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது. இந்த முறை உத்தரவு போட்டது கண்டி அரசன் அல்ல. எஹலேபொல யாரைக் கூட்டிவந்து அரசனைக் கவிழ்த்தாரோ அந்த வெள்ளைக்காரர்கள். அரசன் அந்நேரம் வேலூரில் சிறை. எஹலேபொலவோ, குற்றச்சாட்டு என்று ஒன்றுமே இல்லாமல், கூட்டிவந்தவர்களின் காவலிலேயே இருந்தார்.

உள்நாட்டுப் போர் என்றதும் இலங்கையில் எல்லோருக்கும் 2009 மே மாதமும் முள்ளிவாய்க்காலும்தான் நினைவுக்கு வரும். அது இயல்பு. ஆனால் மலைநாட்டுக்கு அதற்கு முன்னே ஒரு போர் இருக்கிறது. பாடப்புத்தகம் அதை இரண்டு துண்டாக்கிப் படிப்பிக்கிறது: 1815 கண்டியின் வீழ்ச்சி, 1818 ஊவா வெல்லச கிளர்ச்சி. முதலாவதில் வெள்ளைக்காரன் வந்தான், இரண்டாவதில் வெள்ளைக்காரனை எதிர்த்தோம் என்று கோடு போட்டுவிடுவார்கள். என் பார்வையில் இரண்டும் ஒரே சண்டைதான். கண்டியின் பிரபுக்களும் அரசனும், பிரபுவும் பிரபுவும் தங்களுக்குள் அடித்துக்கொண்ட சண்டை. நடுவே வந்து உட்கார்ந்தவன் எழுந்து போகவில்லை.

தொடக்கத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1739இல் கண்டியின் கடைசிச் சிங்கள அரசன் வாரிசில்லாமல் இறந்தபோது, பட்டத்து அரசியின் சகோதரன் அரியணை ஏறினான். மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பம். மூலம் தெலுங்கு, புழங்கிய மொழி தமிழ். இன்றைக்குக் கேட்டால் விசித்திரமாகத் தெரியும்: மலைநாட்டுச் சிங்களப் பிரபுக்கள் ஏன் கடல் கடந்து வந்த ஒருவனை ஏற்றார்கள்? அரச வம்சம் என்றால் சத்திரிய இரத்தம் வேண்டும் என்ற வழக்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பொறாமை. பிலிமத்தலாவ குடும்பத்தில் ஒருவன் அரசனானால் எஹலேபொல குடும்பம் பொறுக்காது. எஹலேபொல ஆனால் மொல்லிகொட பொறுக்காது. ஊருக்குள் யாருக்கும் சொந்தமில்லாத ஒருவன் மேலே இருந்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். பங்காளிச் சண்டையில் வெளியூர்ப் பெரியவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது போல. பெரியவர் பேசாமல் இருக்கும்வரை பிரச்சினை இல்லை.

1798இல் பேசாமல் இருப்பான் என்று நம்பித்தான் பிலிமத்தலாவ மகாதிகாரம் கண்ணுச்சாமி என்ற இளைஞனைத் தேர்ந்தெடுத்தார். வயது பதினெட்டு இருக்கும். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று பட்டம் கட்டினார்கள். இறந்த அரசனின் அரசி ஒருவருடைய சகோதரன் முத்துசாமி, அவனுக்கும் உரிமை இருந்தது, வெள்ளைக்காரர் பக்கம் ஓடினான். இந்தக் கதையின் போட்டித் தலைவர்களில் முதலில் அழிந்தது அவன்தான். எப்படி என்பது முக்கியம், ஏனென்றால் பின்னால் வரப்போகிறவர்கள் பார்த்துக் கற்றிருக்க வேண்டிய பாடம் அதில் இருந்தது.

1803இல் ஆங்கிலப் படை கண்டிக்குள் புகுந்து, காலியாகக் கிடந்த நகரத்தில் முத்துசாமியை அரசன் என்று உட்கார வைத்தது. ஜூன் மாதத்துக்குள் படையில் பாதி காய்ச்சலில் கிடந்தது. படைத்தலைவர் மேஜர் டேவி கண்டியரிடம் சரணடைந்து, மிஞ்சியவர்களை அழைத்துக்கொண்டு மகாவலி வரை வந்தார். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் "வட்டபுளுவ" என்று கூவுவார், இன்றைக்கு வீடுகளும் கடைகளும் நிறைந்த இடம். அங்கேதான் ஆறு பெருகி வழி மறித்தது. கடக்க வேண்டுமானால் முத்துசாமியை ஒப்படை என்றார்கள். ஒப்படைத்தார். முத்துசாமியின் தலை போனது. அதற்குப் பிறகும் வழி கிடைக்கவில்லை. டேவியின் வீரர்களில் பெரும்பாலானோர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். டேவி கண்டியில் சிறையிருந்து அப்படியே செத்தார்.

வெள்ளைக்காரன் முடிசூட்டிய அரசன், வெள்ளைக்காரனின் உயிருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டான். எஹலேபொல அப்போது வளர்ந்த மனிதர், இதெல்லாம் தெரியாதவர் அல்ல.

பிலிமத்தலாவவின் கதை சுருக்கமானது. பொம்மை என்று நினைத்தவன் பொம்மையாக இருக்கவில்லை. அரசனைக் கொல்லச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் 1811இல் அவர் தலை வெட்டப்பட்டது. பதவி எஹலேபொலவுக்கு வந்தது. கண்டி வாவியை, நாங்கள் கச்சான் வாங்கிக்கொண்டு சுற்றி நடக்கிற அதே வாவியை, அரசன் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் ஊராக ஆட்களை இழுத்துவந்து இராசகாரியமாக, அதாவது அரசனுக்கான கட்டாய ஊழியமாக, மண் சுமக்க வைத்ததில் சனங்களுக்கும் வெறுப்பு. பிரபுக்களுக்கு அரசன் மேல் உள்ள கசப்பு வேறு, குடிமக்களுக்கு உள்ளது வேறு. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கொதித்தன.

இங்கே ஓர் ஏற்பாட்டைச் சொல்லாமல் மேலே போக முடியாது, ஏனென்றால் யார் எப்படி முடிந்தார்கள் என்பதன் பாதி விளக்கம் அதில் இருக்கிறது. ஒரு பிரபுவைத் திசாவையாக, அதாவது மாகாணத் தலைவராக வெளியே அனுப்பும்போது, அவருடைய மனைவி மக்கள் தலைநகரில் அரசனின் கண்பார்வையில் இருக்க வேண்டும். பேச்சுக்கு மரியாதை, உண்மையில் பிணை. எஹலேபொல சப்ரகமுவவில் இருந்தார். 1814இல் அங்கே கலகம் வெடித்தது, கண்டிக்கு வா என்று அரசன் அழைத்தான், அவர் வரவில்லை. கலகத்தை அடக்க அனுப்பப்பட்டவர் மொல்லிகொட. எஹலேபொல ஆங்கிலேயர் எல்லைக்குள் போய்க் கொழும்பில் அடைக்கலம் கேட்டார்.

குடும்பம் கண்டியில் இருந்தது. பிள்ளைகளின் தலையை வெட்டினார்கள், மனைவி குமாரிஹாமியைப் போகம்பறை வாவியில் அமுக்கினார்கள். மூத்தவன் பயந்து தாயின் பின்னால் ஒளிந்தபோது, இளையவன் மத்தும பண்டார "அண்ணா, எப்படிச் சாவதென்று நான் காட்டுகிறேன்" என்று முன்னால் போனான் என்ற கதையைச் சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் படித்திருப்பார்கள். தமிழ் மொழிமூலப் பாடசாலையில் நாங்களும் படித்தோம். வெள்ளைக்காரர்களுக்கும் இந்தக் கதை மிக உதவியாக இருந்தது. கொடுங்கோலனிடமிருந்து சனங்களைக் காக்கவே படை எடுக்கிறோம் என்று அவர்கள் சொல்லவிருந்தார்கள். கதை பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்காக நடந்தது நடக்காததாகிவிடாது. குடும்பத்தை அடைத்து வைத்ததாகச் சொல்லும் எஹலேபொல வளவு இப்போது மெழுகுச் சிலைக் காட்சியகமாக இருக்கிறது, டிக்கட் எடுத்துப் பார்க்கலாம்.

மொல்லிகொடவுக்கு இப்போது மகாதிகாரப் பதவி. அவருக்கும் அரசன் மேல் அன்பு கிடையாது. கொழும்போடு அவரும் இரகசியமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஒரு வித்தியாசம்: குடும்பம் அரசனின் பிடியிலிருந்து வெளியே வரும்வரை அவர் அசையவில்லை. 1815 பெப்ரவரியில் அவர்கள் பத்திரம் என்று தெரிந்த பிறகுதான் கட்சி மாறினார். ஒருமுறை மட்டும் மாறினார். கடைசியாக மாறினார். வீரம் தேடுகிறவர்களுக்கு மொல்லிகொட பிடிக்காது, எனக்கும் பெரிதாகப் பிடிக்காது. ஆனாலும் கணக்குத் தெரிந்த மனிதர்.

இவர்கள் எல்லோருடைய கணக்கையும் எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு, ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலி. சிங்களம் கற்றவர், பிக்குமார், வியாபாரிகள், எல்லை தாண்டி வருகிறவர்கள் என்று எல்லோரிடமும் செய்தி வாங்கி நாட்குறிப்பில் பதிந்தவர். எந்தத் திசாவை எந்தத் திசாவையோடு பேசுவதில்லை, யாருக்கு யார் மேல் கோபம் என்பது கொழும்பில் அவர் மேசையில் இருந்தது. 1803இல் படையை நம்பித் தோற்றவர்கள், 1815இல் டொயிலியின் நாட்குறிப்பை நம்பி வென்றார்கள். ஆங்கில எல்லையிலிருந்து வந்த வணிகர்கள் சிலரை மூக்கும் காதும் அறுத்து அரசன் திருப்பி அனுப்பியது சாக்காக அமைந்தது. ஜனவரியில் போர் அறிவிப்பு, பெப்ரவரி 14இல் கண்டி கையில். பெரிதாகச் சண்டையே நடக்கவில்லை. 18ஆம் தேதி தும்பறைப் பகுதியில் மெதமகாநுவரவுக்கு அருகில் ஒரு வீட்டில் மறைந்திருந்த அரசனைப் பிடித்தார்கள். பிடித்தது வெள்ளைக்காரச் சிப்பாய் அல்ல, எஹலேபொலவின் ஆட்கள். காட்டுக் கொடியால் கட்டினார்கள், அரசியின் காதணியைப் பிய்த்தார்கள் என்று சொல்வார்கள்.

மார்ச் 2ஆம் தேதி மகுல் மடுவையில், கண்டியை ஆங்கிலேயர் கையில் கொடுக்கும் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. தலதா மாளிகைக்கு அருகில் செதுக்கிய மரத்தூண்களோடு இன்றும் நிற்கிற மண்டபம் அது. ஆளுநர் பிரவுன்றிக் ஒரு பக்கம், பிரபுக்கள் ஒரு பக்கம். புத்த சமயத்தைக் காப்போம் என்ற ஐந்தாம் பிரிவை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். தமிழ் வாசகர்கள் நின்று படிக்க வேண்டியது மூன்றாம் பிரிவு. அதன் சாரம் இது: பதவியிழந்த அரசனின் உறவினர் என்று சொல்லும் ஆண்கள் எல்லோரும் கண்டி மாகாணங்களின் எதிரிகள், எழுத்து மூல அனுமதியின்றி உள்ளே வந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை, வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் எவரும் அனுமதியின்றித் திரும்பி வரக்கூடாது. அன்றைய ஆங்கிலத்தில் மலபார் என்றால் கேரளம் அல்ல, தமிழ் பேசுகிறவன். நாயக்க உறவினர்கள் குடியிருந்த தெரு கண்டியில் இன்றும் மலபார் வீதிதான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் சிலர் அதைத் தமிழ் எழுத்திலோ தமிழ் எழுத்துக் கலந்தோ போட்டார்கள் என்பது இதில் ஒரு வேடிக்கை. தமிழனை வெளியேற்றும் பத்திரத்தில் தமிழ்க் கையெழுத்து. அதைத் தூக்கிப் பிடித்து மலைநாடே தமிழருடையது என்று முழங்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அரசவை எழுத்து எதுவோ அதில் கையொப்பம் போடுவது அந்தக் காலப் பழக்கம், அவ்வளவுதான்.

அரசன் முதலில் கொழும்பு போனார். 1816 ஜனவரியில் கோர்ன்வாலிஸ் என்ற கப்பலில் குடும்பத்தோடு சென்னைக்கு, அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கு. கிரான்வில் என்ற அதிகாரி கூடவே போய் நாட்குறிப்பு எழுதியதால் அந்தப் பயணம் நமக்கு நன்றாகத் தெரியும். வேலூர் தற்செயலாகக் கிடைத்த இடமல்ல. திப்பு சுல்தானின் பிள்ளைகளை அங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். தோற்ற அரசர்களைச் சாப்பாடு போட்டு மறக்கடிக்கும் இடமாக அந்தக் கோட்டை ஏற்கெனவே பழக்கப்பட்டிருந்தது. அங்கே பதினாறு ஆண்டுகள் இருந்து, 1832 ஜனவரி 30இல் இறந்தார். வயது 52.

வென்றவருக்கு என்ன கிடைத்தது? எஹலேபொல எதிர்பார்த்தது அரியணை. மொல்லிகொடவுக்கு மகாதிகாரப் பதவி தொடர்ந்தது. எஹலேபொல பதவி வேண்டாம் என்றார், அரசனாக நினைத்தவர் மந்திரியாக முடியுமா? பிரித்தானிய அரசின் நண்பர் என்று பட்டம் கொடுத்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் போனதற்கு, ஒரு பட்டம்.

இரண்டாம் பாதி 1817 அக்டோபரில் வெல்லச காட்டில் தொடங்கியது. அங்கே ஒரு முஸ்லிமை முகாந்திரமாக, அதாவது உள்ளூர் அதிகாரியாக, ஆங்கிலேயர் நியமித்ததில் உள்ளூர்த் தலைவர்களின் கௌரவம் அடிபட்டிருந்தது. தங்களுக்கு வணக்கம் சொல்லாமல் எந்த வெள்ளைச் சிப்பாயும் தாண்டிப் போகிறான் என்ற எரிச்சல் எல்லாப் பிரபுக்களுக்கும் இருந்தது. ஆனால் எனக்கு இதில் மிக முக்கியமாகத் தெரிவது கிளர்ச்சிக்காரர்கள் யாரை அரசனாக முன்னால் நிறுத்தினார்கள் என்பதுதான். வில்பாவ என்ற முன்னாள் பிக்கு, சிங்களவர். அவர் தன்னை யார் என்று சொல்லிக்கொண்டார் தெரியுமா? துரைசாமி. நாடுகடத்தப்பட்ட நாயக்க வம்சத்து இளவரசன் துரைசாமி!

தமிழன் என்பதால்தான் அரசனைத் துரத்தினார்கள் என்று இன்றைக்கு எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு பெயர் போதும். இரண்டு வருடத்துக்கு முன் ஒப்பந்தம் போட்டு விலக்கிய அந்த வம்சத்தின் பெயரைச் சொல்லாமல் மலைநாட்டில் சனங்களைத் திரட்ட முடியவில்லை. சிங்களவர் ஒருவர் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டால்தான் அரசனாகலாம். பங்காளிச் சண்டை தீரவே இல்லை என்பதற்கும் அதுவே சாட்சி: தங்களில் ஒருவரை அரசன் என்று அவர்களால் அப்போதும் ஏற்க முடியவில்லை.

கெப்பெட்டிபொல ஊவாவின் திசாவை, 1815 பத்திரத்தில் கையெழுத்திட்டவர். கிளர்ச்சியை அடக்கி வா என்று அனுப்பினார்கள். போனவர் எதிர்ப்பக்கம் சேர்ந்தார். அரசாங்கம் கொடுத்த துப்பாக்கிகளை எண்ணித் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் சேர்ந்தார் என்பது பிரபலமான கதை. 1818 முழுவதும் ஊவா எரிந்தது. வீடு, வயல், குளம், மாடு, பழமரம் ஒன்றும் மிஞ்சாமல் அழிப்பதுதான் ஆங்கிலேயர் கண்ட வழி. மருத்துவர் ஜோன் டேவி (மகாவலிக் கரையில் சரணடைந்த மேஜர் டேவி வேறு) கண்டியர் தரப்பில் பத்தாயிரம் பேர்வரை இறந்திருக்கலாம் என்று கணக்கிட்டார். வாளால் மட்டுமல்ல, பட்டினியாலும் நோயாலும்.

நடுவில், கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான மடுகல்லைக்கு உண்மை தெரிந்துவிட்டது. துரைசாமி துரைசாமி இல்லை. உடனே 'அரசனை'யே பிடித்துத் தொழுமரத்தில், அதாவது கைதிகளைப் பூட்டும் மரக்கட்டையில், மாட்டினார். கிளர்ச்சி உள்ளுக்குள்ளேயே முறிந்த இடம் அது. அக்டோபர் கடைசியில் அனுராதபுரத்துப் பக்கம் கெப்பெட்டிபொல பிடிபட்டார், உடன் இளைய பிலிமத்தலாவ. பின்னாலேயே மடுகல்லை.

கெப்பெட்டிபொலவின் கடைசிக் காலை நமக்கு நன்றாகத் தெரியும். இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் எழுதி வைத்திருக்கிறார். கொல்வதற்கு முன் தலதா மாளிகைக்குக் கூட்டிப் போனார்கள். பிக்குவிடம் மண்டியிட்டு வணங்கியபின், இடுப்பில் சுற்றியிருந்த மேல்துணியை அவிழ்த்துக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். கிழிசல், அழுக்கு, அதனால் புண்ணியம் குறையாது, என்னிடம் இருப்பது இதுதான் என்று சிரித்துச் சொன்னாராம். ஒரு மாகாணத்தை ஆண்டவருடைய மொத்தச் சொத்து அது. இதை மதிப்போடு எழுதிய அதே மார்ஷல்தான், தலை விழுந்தபின் அவருடைய மண்டையோட்டை எடுத்துப்போய் எடின்பரோவில் மண்டையோட்டு ஆய்வுச் சங்கத்துக்குக் கொடுத்தார். மண்டையின் மேடுபள்ளம் பார்த்துக் குணம் சொல்லும் சாத்திரத்தை அறிவியல் என்று நம்பிய காலம்.

மிச்சப் பேருடைய கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். மடுகல்லை அதே நாளில் அதே இடத்தில் தலையிழந்தார். இளைய பிலிமத்தலாவவுக்கு மொரீசியஸ்; தகப்பனைக் கொன்றது அரசன், மகனைக் கடத்தியது அரசனை விரட்டியவர்கள். போலித் துரைசாமி கலவரத்தில் நழுவிக் காட்டுக்குள் மறைந்து, பன்னிரண்டு வருடமளவு கழித்துத்தான் பிடிபட்டார். அதற்குள் அவரால் யாருக்கும் ஆபத்தில்லை என்றாகிவிட்டதால் மன்னித்து விட்டார்கள். அத்தனை பேரிலும் அரசன் வேடம் போட்டவர் தப்பினார். டொயிலி 1824இல் கண்டியிலேயே காய்ச்சலில் செத்து, படையினர் மயானத்தில் கிடக்கிறார். பிரவுன்றிக் தன் குடும்பச் சின்னத்தில் கண்டி முடியையும் செங்கோலையும் சேர்த்துக்கொண்டார். சிம்மாசனம் வின்ட்சர் கோட்டைக்குப் போய் 1934இல் திரும்பியது.

எஹலேபொல? 1818 மார்ச்சில், கிளர்ச்சி உச்சத்தில் இருந்தபோது கைது. அவர் கிளர்ச்சியில் சேரவில்லை. ஆனால் சேர்ந்தால் என்னாகும் என்ற பயம் இருந்தது, அது போதும். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. ஏழு வருடம் காவலில் வைத்திருந்து 1825இல் மொரீசியசுக்கு அனுப்பினார்கள். 1829இல் அங்கேயே இறந்தார். வேலூரில் இருந்த அரசனுக்கு அந்தச் செய்தி எட்டியிருந்தால் அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். ஒருவரையொருவர் அழிக்க நினைத்த இருவருக்கும் ஒரே தண்டனை, இருவருக்கும் கடலுக்கு அப்பால் கல்லறை. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது தீர்ப்பில் கணக்கில் வரவே இல்லை. இனி இவர் தேவையா, இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. மொல்லிகொட தேவைப்பட்டார், கிளர்ச்சிக் காலத்தில் கொழும்பு வீதியை மூடவிடாமல் காத்தவர் அவர். 1823இல் இறக்கும்வரை பதவியோடு இருந்தார். ஆனால் பதவியின் உள்ளே இருந்த அதிகாரத்தை 1818 நவம்பர் பிரகடனம் ஏற்கெனவே உறிஞ்சி எடுத்துவிட்டது. ஒப்பந்தம் போட்டவர்களில் ஒரு தரப்பு மட்டும் உட்கார்ந்து அதை மாற்றி எழுதியது.

மூன்றாம் பிரிவு என்ன ஆனது? கிளர்ச்சியில் படையை நகர்த்தப் பட்ட பாடு ஆங்கிலேயருக்கு மறக்கவில்லை. கண்டிக்கு வீதி வெட்டினார்கள், கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்தார்கள். வீதி வந்ததும் கோப்பி வந்தது. கம்பளைப் பக்கம் 1820களில் முதல் தோட்டங்கள். கோப்பிக்கு ஆள் வேண்டும். மலபார் ஆண்கள் அனுமதியின்றி மலையேறக்கூடாது என்று எழுதிய அதே அரசாங்கத்தின் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாக ஆயிரமாயிரமாய்த் தமிழர் நடந்து ஏறினார்கள். 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு வருடம் ஆனதைக் குறித்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோமே, அந்தப் பாதை.

கெப்பெட்டிபொலவின் மண்டையோடு 1954இல் ஊர் திரும்பியது. தலதா மாளிகைக்கு எதிரே நினைவுத்தூண் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் துரோகிகள் என்று அறிவித்த 19 பேரின் பெயரை 2016இல் அரசாங்கம் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கி வீரர்களாக்கியது. அதுவும் சரிதான். 1954 ஜனவரியில்தான் நேரு கொத்தலாவல ஒப்பந்தமும் வந்தது: தோட்டத் தமிழரில் யார் இந்நாட்டவர், யார் இந்தியாவுக்குரியவர் என்று. பத்து வருடம் கழித்து சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையே போட்டுவிட்டது. 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் பிறகு பார்ப்போம். 1815க்குப் பிறகு இரண்டாவது முறை, இம்முறையும் அவர்களைக் கேட்காமல்.

எங்கள் பெரியப்பா குடும்பம் அந்தக் கணக்கில் போனது. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அரசாங்கக் காகிதத்தில் அவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்', ஊருக்குள் 'சிலோன்காரங்க'. சில வருடம் முன்பு பார்க்கப் போனபோது பெரியப்பா மகனைக் கூட்டிக்கொண்டு வேலூர் போனேன். பாலாற்றங்கரையில் 1990இல் தமிழ்நாட்டு அரசு கட்டிய முத்து மண்டபத்தில் அரசனும் குடும்பத்தாரும் அடங்கியிருக்கிறார்கள். வெயில் தாங்கவில்லை, ஆற்றில் மணல்தான் கிடந்தது. கண்டியிலிருந்து கொண்டுவந்தவர், பிடித்துக் கொடுத்தது அவருடைய ஆட்களே, பூர்வீகம் மதுரைப் பக்கம் என்று நான் வழிகாட்டி மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கல்லறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப இவரும் தாயகம் திரும்பியவருதான், தம்பி."